செந்நாறி: எரித்தால் மணம், அரைத்தால் நிறம். இப்படி ஒரு செடி இருக்க முடியுமா?

வாசகர் கேள்வி, 2023 ஜூன் 3

கற்பனை நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் செந்நாறி என்று ஒரு செடி. ஒரே ஒரு மலையில்தான் வளரும். அதன் பூவை உலர்த்தித் தணலில் போட்டால் ஊரே மணக்கும். அதே பூவை அரைத்தால் கருஞ்சிவப்பு. அரசனின் பட்டுக்கும் கோயில் சுவர் ஓவியத்துக்கும் அந்த நிறம்தான். எடைக்கு எடை பொன். மலையைச் சுற்றி ஐந்தலை நாகங்கள் காவல். கற்பனைதானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். இப்போது எனக்கே எங்கோ இடிக்கிறது. எங்கே என்று சொல்ல முடியுமா?

ஜூன் 3, இரவு

முதல் இடி பெயரிலேயே இருக்கிறது. அந்தக் காலத்தில் நாற்றம் என்றால் மணம்தான். கண்ணனின் வாய் கர்ப்பூரம் நாறுமா, தாமரை நாறுமா என்று ஆண்டாள் சங்கிடம் ஆசையாகக் கேட்கிறாள். இன்றைக்குப் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் நாறுகிறது என்று சொல்லிப் பாருங்கள், தெரியும். பெயரை அப்புறம் பார்க்கலாம்.

பெரிய இடி வேறு. மணமும் நிறமும் ஒரே வீட்டில் குடியிருப்பதில்லை. மணம் என்பது பறக்கிற சரக்கு. பறந்தால்தான் மூக்குக்கு வரும். நிறம் பறக்கவே கூடாது. உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தால்தான் அது நிறம். ஒரே பூவிடம் போய் "நீ பறக்கவும் வேண்டும், ஒட்டவும் வேண்டும்" என்றால் பாவம், அது என்ன செய்யும்?

என் அப்பா மதுரையில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தார். பள்ளி விடுமுறை என்றால் எனக்குப் பொட்டலம் மடிக்கிற வேலை. கடையில் வெள்ளைச் சந்தனத்துக்கு ஒரு டப்பா, செஞ்சந்தனத்துக்கு ஒரு டப்பா. முகத்துக்குப் பூசச் செஞ்சந்தனம் வாங்கிப் போகிறவர்கள் மறுநாள் திரும்பி வந்து சண்டை போடுவார்கள். "வாசமே இல்லையே, என்னத்தைக் கொடுத்தீங்க?" அதில் வாசம் இருக்காது, நிறம் மட்டும்தான் என்று அப்பா வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு மரத்துக்கும் உறவே கிடையாது. சந்தனத்தில் மணம் உண்டு, சொல்லிக்கொள்ளும்படி நிறம் இல்லை. சேஷாசலம் மலைப்பக்கத்துச் செம்மரத்தில் நிறம் உண்டு, மணம் இல்லை. நாம்தான் இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டோம்.

உங்கள் செந்நாறி அந்தப் பெயர்க் குழப்பத்தில் பிறந்த செடி என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜூன் 4

காலையில் சும்மா இருக்க முடியாமல் சாமி படத்தில் காய்ந்து கிடந்த பூவையெல்லாம் எடுத்துச் சாம்பிராணிக் கரண்டித் தணலில் போட்டுப் பார்த்தேன். மல்லிகை, ரோஜா, சம்பங்கி. மூன்றும் ஒரே வாசனைதான்: தெருமுனையில் சருகு கொளுத்துகிற வாசனை. பூவின் மணம் மிக மெல்லியது. காயும்போதே முக்கால்வாசி போய்விடுகிறது. மிச்சத்தை நெருப்பு தின்றுவிடும். தணலில் நின்று மணப்பது பிசின். சாம்பிராணி, குங்கிலியம், பறங்கிச் சாம்பிராணி எல்லாமே மரத்துப் பிசின்தான். கட்டை என்றால் சந்தனம், அகில். இவற்றில் எங்கேயாவது பூ இருக்கிறதா?

ஆகவே பூவை விடுங்கள், பிசினைப் பிடியுங்கள். செடியை மரமாக்குங்கள்.

ஜூன் 4, மாலை

பூ இல்லாமல் கதாநாயகி தலையில் என்ன வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பிசினை வைத்தால் மொட்டை அடிக்க வேண்டி வரும். மரத்தில் பூவும் இருக்கட்டும் தம்பி, யார் வேண்டாம் என்றது? விலை மட்டும் பிசினுக்கு.

ஜூன் 9

மணமும் நிறமும் சேராது என்று அடித்துச் சொல்லிவிட்டேன். ஐந்து நாளாக அது என்னையே அரித்துக்கொண்டிருக்கிறது. காரணம் என் அம்மாச்சி.

அம்மாச்சி ஊர் தேனிப் பக்கம், மலையடிவாரம். பிள்ளைகளுக்கு வைக்கிற கறுப்புப் பொட்டை அவள் கடையில் வாங்கியதே இல்லை. வேங்கை மரத்தின் பட்டையில் ஒரு கீறல் போடுவாள். ஐயோ என்று பதறுகிற மாதிரி ரத்தமாகக் கசியும். சிவப்பு என்றால் சும்மா சிவப்பு இல்லை, ஆட்டுக்கறிக் கடையில் பார்க்கிற சிவப்பு. அதைச் சிரட்டையில் பிடித்து வந்து, ஒரு பழைய இரும்புக் கரண்டியில் ஊற்றி அடுப்போரம் வைத்துவிடுவாள். இரண்டு நாளில் அது கன்னங்கரேலென்று இறுகிவிடும். அப்புறம் வருடம் பூராவும் விரலில் தண்ணீர் தொட்டு அதில் தேய்த்து, நெற்றியில் ஒன்று, கன்னத்தில் ஒன்று. என் தங்கை, மாமா பிள்ளைகள், ஊரில் பிறந்த அத்தனை பிள்ளைகளுக்கும் அந்தக் கரண்டியிலிருந்துதான்.

சிவப்பாக வந்தது எப்படிக் கறுப்பாயிற்று என்று சின்ன வயதில் கேட்டதற்கு, கண்ணேறு பட்டால் கறுத்துவிடும் என்று சொன்னாள். இப்போது யோசித்தால் வேலை செய்தது கரண்டிதான். வேங்கைப் பாலில் துவர்ப்புச் சத்து நிறைய. கடுக்காயில் இருக்கிற அதே இனம். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. பழைய எழுத்து மைகள் பலவும் இந்த வழியில் வந்தவைதான். மண்சட்டியில் இறுக்கியிருந்தால் கருஞ்சிவப்பாகவே நின்றிருக்கும்.

இன்னொன்று. இந்த மரத்துக்குத் தமிழில் உதிரவேங்கை என்றே பெயர் உண்டு. ரத்தம் வடிக்கிற மரம் என்று நீங்கள் மெனக்கெட்டுக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் அது நின்றுகொண்டிருக்கிறது. சங்கப் பாட்டில் இதன் மஞ்சள் பூ பாறையில் உதிர்ந்து கிடந்தால் புலி படுத்திருக்கிற மாதிரித் தெரியும். பெண்கள் பூப்பறிக்கப் போய் "புலி, புலி" என்று கூச்சல் போடுவார்கள். புலிக்கும் வேங்கை, மரத்துக்கும் வேங்கை. உங்கள் ஐந்தலை நாகத்தைவிட இந்தக் காவல் எனக்குப் பிடித்திருக்கிறது.

நிறத்துக்கு மரம் கிடைத்துவிட்டது. மணம்?

ஜூன் 10

மணம் இல்லை. பழைய பெட்டியில் வேங்கைப் பிசின் கட்டி ஒன்று கிடந்தது, அதில் ஒரு துணுக்கைத் தணலில் போட்டேன். முதலில் வெல்லம் அடிப்பிடித்த மாதிரி வந்தது. அடுத்து செருப்பு கருகுகிற மாதிரி. வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து வந்து பார்த்துவிட்டு, இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று ஜன்னலைத் திறந்துவிட்டுப் போனாள். சோதனை முடிந்தது.

ஜூன் 17

திருத்தம். ஜூன் 3 அன்று எழுதியதில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

மணமும் நிறமும் ஒரே வீட்டில் இருக்காது என்றேன். குங்குமப்பூவை மறந்தே போய்விட்டேன். கடைக்காரன் மகனுக்கு இதைவிட வெட்கம் வேறு இல்லை. அப்பா பூட்டி வைத்த ஒரே சரக்கு அதுதான்.

ஒரு பூவுக்கு மூன்று சூல்முடி இழைகள். ஒரு கிலோ சேர்க்கச் சுமார் 1,50,000 பூக்கள். அந்த இழைக்குள் நடப்பதுதான் உங்கள் நாவலுக்கு வேண்டிய விஷயம். ஸியாஸாந்தின் என்று ஒரு மஞ்சள் நிறமி, நீளமான மூலக்கூறு. பூ அதை இரண்டு முனையிலும் வெட்டுகிறது. நடுத்துண்டு நிறமாகிறது. அதிலிருந்து வருவதுதான் பாலில் போட்டதும் இறங்குகிற குரோசின். முனைத்துண்டுகள் முதலில் கசப்பாக இருக்கின்றன. காய வைக்கும்போது அந்தக் கசப்பு உடைந்து மணமாகிறது. பறித்த ஈர இழையில் அந்த மணம் அவ்வளவாக வராது, உலர்த்துகிறவரின் கைப்பக்குவத்தில் வருகிறது.

அதாவது ஒரே கயிறு. நடுவே நிறம், இரண்டு நுனியிலும் மணம். நான் சேராது என்று சொன்னவை ஒரே வயிற்றில் பிறந்தவை.

ஒரு சமாதானம் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்: குங்குமப்பூவை யாரும் தூபமாகப் போடுவதில்லை. தணலில் தூவினால் காசுதான் கருகும்.

இன்னொரு விஷயம். இந்தச் செடி விதை வைக்காது. மலடு. மனிதன் கிழங்கைத் தோண்டிப் பிரித்து நட்டால்தான் அடுத்த தலைமுறை. காஷ்மீரின் பாம்பூரிலும் சரி, உலகத்துக்கே அதிகம் விளைவிக்கிற ஈரானிலும் சரி, அதே கதைதான். ஒரே மலையில்தான் வளரும் என்று எழுதியிருக்கிறீர்களே, ஏன் என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள். மண் விசேஷம், தெய்வ அருள் என்றெல்லாம் வேண்டாம். விதை கிடையாது, கிழங்கை மலைக்காரர்கள் வெளியே விடுவதில்லை. முடிந்தது.

(மரமாக்கச் சொன்னவனே நான்தான். மரத்துக்குக் கிழங்கு எங்கிருந்து வரும் என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே கேட்டுக்கொள்கிறேன்.)

ஜூன் 18

தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்தேன். காண்டாமிருக ரத்தம்!

அப்பா கடையின் மேல் தட்டில் ஒரு தகர டப்பா. அதில் கருஞ்சிவப்புக் கட்டிகள். உடைத்தால் தூள் ரத்தச் சிவப்பாக உதிரும். சரக்கின் பெயர் காண்டாமிருக ரத்தம். எட்டு வயதில் நான் அதை அப்படியே நம்பினேன். எங்கேயோ காட்டில் காண்டாமிருகத்தைக் குத்திக் கொன்று, ரத்தத்தைக் காயவைத்து, மதுரைக்கு அனுப்புகிறார்கள் என்று இரவில் பயந்திருக்கிறேன். "அட, மரத்துப் பிசின்டா" என்று அப்பா சிரித்தார். வெள்ளைக்காரன் இதையே டிராகன் ரத்தம் என்கிறான். நம் ஊரில் டிராகன் இல்லை, அதனால் காண்டாமிருகத்தைப் பிடித்திருக்கிறார்கள்.

இது ஒரே மரம் அல்ல. சுமத்ரா, போர்னியோ பக்கம் ஒரு வகைப் பிரம்பு உண்டு. அதன் காய்ச் செதில்களில் இந்தச் சிவப்புப் பிசின் படியும். காயைக் கூடையில் போட்டுக் குலுக்கி உதிர்ப்பார்கள். பிற்காலத்தில் சந்தையில் அதிகம் புழங்கியது அந்தச் சரக்குதான். பழைய, பேர்போன சரக்கு ஏமனின் சொகோத்ரா தீவுடையது. குடையைக் காற்று மேல்பக்கம் மடக்கிவிட்ட மாதிரி ஒரு மரம். கடல் மூட்டத்திலிருந்து ஈரத்தைப் பிடித்துக்கொள்ள அந்தக் கிளைக்கூட்டம் உதவுகிறது. பட்டையைக் கீறினால் சிவப்புத் துளி. கி.பி. முதல் நூற்றாண்டில் செங்கடல் வழிக் கப்பல்காரர்களுக்காகக் கிரேக்க மொழியில் எழுதிய ஒரு கையேடு, நம் முசிறித் துறையைச் சொல்கிற அதே கையேடு, இந்தத் தீவில் மரத்திலிருந்து சொட்டுச் சொட்டாகச் சேர்க்கிற "இந்தியச் சிந்தூரம்" கிடைக்கும் என்கிறது. மரம் அங்கே, பெயர் மட்டும் இந்தியா. அந்தத் தீவின் ஹோக் குகைக்குள் நம் நாட்டுக் கப்பல்காரர்கள் பிராமி எழுத்தில் பெயர் கிறுக்கி வைத்திருக்கிறார்கள், பெரும்பாலும் குஜராத்தின் பரூச் பக்கத்து ஆட்கள். கோயில் தூணில் பெயர் செதுக்குகிற வழக்கம் நமக்கு நேற்று வந்ததில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பிசினைச் சொகோத்ரா பெண்கள் மண்பானையில் கோலம் வரையப் பயன்படுத்துகிறார்கள். மரவேலைக்காரர்கள் மெருகெண்ணெயில் கலந்திருக்கிறார்கள். தூபத்திலும் போடுகிறார்கள். பிரம்புச் சரக்கைச் சூடாக்கினால் சாம்பிராணிக்கும் பொதுவான ஓர் அமிலம் ஆவியாக வரும், அதனால் மணத்தில் தூரத்துச் சொந்தம் தெரியும். நிறமும் தூபமும் ஒரே கட்டியில். உங்கள் செந்நாறி இருக்கிறது தம்பி. நான்தான் பதினைந்து நாளாக இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மணம் ரொம்ப சுமார் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஊரே மணக்காது. பக்கத்து அறை மணக்கும்.

ஜூன் 25

பட்டுக்கும் சுவருக்கும் ஒரே நிறம் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை இத்தனை நாள் விட்டுவைத்திருந்தேன்.

துணிக்கு வேண்டியது சாயம். தண்ணீரில் கரைய வேண்டும், இழைக்குள் போக வேண்டும், போன பிறகு வெளியே வரக்கூடாது. அதற்குப் படிகாரம், கடுக்காய் என்று பிடிமானம் கொடுக்க வேண்டும். நம் கடற்கரைச் சாயவேர்ச் சிவப்பு உலகம் சுற்றியதற்கு வேர் மட்டுமல்ல, இந்தப் பிடிமானக் கைவேலையும் காரணம். சுவருக்கு வேண்டியது கரையாத தூள். தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களில் இருப்பது பெரும்பாலும் மண்ணும் கல்லும்: காவி, சுண்ணாம்பு, நீலக்கல். அதனால்தான் ஆயிரம் வருடம் நின்றது. செடியின் நிறத்தில் பல வெயில் பட்டால் வெளுத்துவிடும்.

பிசின் நிறம் தண்ணீரில் கரையாது, சாராயத்தில் கரையும். ஆகவே துணியில் பிடிக்காது. அரசனின் பட்டு அவுட். பலகை, யாழின் மெருகு, பெட்டி, பானை என்று மாற்றுங்கள். இல்லையென்றால் சுவரிலேயே வரையவிட்டு, முப்பது வருடத்தில் தெய்வத்தின் முகம் வெளுத்துப்போகட்டும். பூசாரி அதற்கு என்ன விளக்கம் சொல்கிறார் என்பதை நான் காசு கொடுத்து வாங்கிப் படிப்பேன்.

சாயப்பட்டறையை எங்கே வைத்தாலும் ஊருக்கு வெளியே வையுங்கள். அவுரி நீலத் தொட்டி புளிக்கிற நெடி தெரிந்தவர்களுக்குத் தெரியும். மத்தியதரைக் கடலில் நத்தையிலிருந்து எடுத்த அரச ஊதாவும் அழுகல் நாற்றத்துக்குப் பேர்போனது. அரசன் உடுத்துகிற நிறத்தைக் காய்ச்சியவன் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். இதை நாவலில் வைக்க இடம் இருக்கிறது.

ஜூலை 2

எடைக்கு எடை பொன். சரி, ஏன்? அரிது என்பதால் மட்டும் அந்த விலை வந்துவிடாது.

ரோமானிய எழுத்தாளர் பிளினி பறங்கிச் சாம்பிராணிக்கு ஒரு செலவுக் கணக்கு கொடுக்கிறார். தென் அரேபியாவிலிருந்து மத்தியதரைக் கடலோரக் காசா வரைக்கும் 65 ஒட்டகத் தங்கல். தீவனத்துக்கு, தண்ணீருக்கு, பூசாரிக்கு, அரசனின் எழுத்தருக்கு, காவல்காரனுக்கு, வாயில்காரனுக்கு என்று வழியெல்லாம் கொடுத்து, ஓர் ஒட்டகத்துக்கு 688 தெனாரியம் (ரோமானிய வெள்ளிக்காசு) செலவு. கடைசியில் முதல் தரம் ஒரு ராத்தல் 6 தெனாரியம். விலையில் ஒரு நல்ல பங்கு கைநீட்டியவர்களுக்குப் போன பணம். உங்கள் மலைக்கும் அரண்மனைக்கும் நடுவில் எத்தனை கை நீள்கிறது என்று எண்ணிப் பார்த்து விலை வையுங்கள்.

அதே பிளினி அலெக்சாந்திரியாவின் தூபப் பட்டறையைப் பற்றி எழுதியது எனக்கு மறக்காது. வேலையாட்களின் இடுப்புத் துணிக்கு முத்திரை வைப்பார்கள், முகத்துக்கு முகமூடி அல்லது தலைக்கு வலை. வேலை முடிந்தால் ஆடையில்லாமல்தான் வெளியே விடுவார்கள். ஐந்தலை நாகம் என்னத்துக்கு?

நாகத்துக்கும் முன்னோர் உண்டு. பறங்கிச் சாம்பிராணி மரத்தைச் சிறகுள்ள பாம்புகள் காக்கின்றன, வேறொரு பிசினைப் புகைத்து அவற்றை விரட்டிவிட்டுத்தான் அறுவடை செய்கிறார்கள் என்று பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்தார். இலவங்கப்பட்டையைப் பற்றி வந்த இந்த மாதிரிக் கதைகளெல்லாம் விலை ஏற்றக் கட்டிவிட்டவை என்று பிளினி பிற்பாடு போட்டு உடைத்தார். ஆகவே நாகத்தை எடுக்காதீர்கள். மலையில் இருக்க வேண்டாம், வியாபாரியின் வாயில் இருக்கட்டும்.

வணிகக் குழுவுக்கு மாதிரி வேண்டுமென்றால் நம்மிடமே உண்டு. சுமத்ராவில் கர்ப்பூரத்துக்குப் பேர்போன பாருஸ் பக்கம், லோபு துவா என்ற இடத்தில், 1088ஆம் ஆண்டு ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு வெட்டிய தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. கஸ்தூரி விலையைக் கணக்கிட்டுப் பொன்னாக ஆயம் கட்டிவிட்டுத்தான் கப்பல்காரர்கள் உள்ளே வர வேண்டும் என்கிறது. கடல் கடந்து போயும் சுங்கச்சாவடி.

ஜூலை 3

நேற்று விட்டுப்போனது. தூபத்துக்கு விலை என்றால் திருக்கடவூர்க் குங்கிலியக் கலயர். வீட்டில் அரிசி இல்லை, மனைவி தாலியைக் கழற்றிக் கொடுத்து நெல் வாங்கிவரச் சொல்கிறாள். மனுஷன் வழியில் குங்கிலிய மூட்டையைப் பார்த்து, தாலியைக் கொடுத்து அதை வாங்கிக் கோயிலுக்குக் கொண்டுபோய்விடுகிறார். அவர் நாயனார் ஆகிவிட்டார். அன்று இரவு வீட்டில் பிள்ளைகள் பசியோடு படுத்த காட்சியை உங்கள் நாவலில் யாராவது ஒரு பாத்திரத்துக்குக் கொடுங்கள்.

ஜூலை 9

ஒரு சதித்திட்டம் தோன்றியது. இலவசமாகத் தருகிறேன்.

"இந்தியச் சிந்தூரம்" என்று மரப்பிசினையும் சொன்னார்கள், மண்ணிலிருந்து எடுக்கிற சாதிலிங்கத்தையும் கிட்டத்தட்ட அதே பெயரில் சொன்னார்கள். இரண்டும் சிவப்பு. சாதிலிங்கம் பாதரசத் தாது. வைத்தியர்கள் பெயரைக் குழப்பி, பிசினுக்குப் பதில் தாதுவைக் கொடுக்கிறார்கள், அது விஷம் என்று பிளினி காலத்திலேயே புலம்பல்.

இப்போது யோசியுங்கள். செந்நாறித் தூளில் கலப்படம் செய்ய எந்த வியாபாரியும் முதலில் தேடுவது சிவப்பான, கனமான, மலிவான ஒன்றை. நிறத்துக்கு வாங்குகிறவனுக்கு அதில் பெரிய நஷ்டம் இல்லை. சொல்லப்போனால் நிறம் இன்னும் பளிச்சென்று இருக்கும். தூபத்துக்கு வாங்குகிறவன் அதைத் தணலில் போடுவான். தணலில் சாதிலிங்கம் உடைந்து பாதரசம் ஆவியாக எழும். மூடிய கருவறை. தினம் மூன்று வேளை. பூசாரிக்கு முதலில் கை நடுங்கும், அப்புறம் ஈறு வீங்கும், அப்புறம் சின்னச் சின்னதற்கெல்லாம் கோபம் வரும். தெய்வக் குற்றம் என்று இன்னும் அதிகமாகத் தூபம் போடுவார்கள்.

இதை யாரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். நான்கூடச் செய்யவில்லை.

ஜூலை 16

மலையில் கத்தியைப் பிடித்திருப்பது யார் என்று இன்னும் நீங்கள் சொல்லவில்லை. எனக்கு நாவலில் அது மட்டும்தான் உண்மையில் தெரிய வேண்டும்.

ஓமனின் தோஃபாரில் பறங்கிச் சாம்பிராணி மரத்தை உளி மாதிரி ஒன்றால் சீவுகிறார்கள். முதல் தடவை வருகிற பிசின் மட்டம், தள்ளிவிடுவார்கள். சில நாள் விட்டு அதே காயத்தை மறுபடி சீவுவார்கள். தடவைக்குத் தடவை தரம் ஏறும். மரத்துக்கு எத்தனை காயம், எத்தனை மாதம் ஓய்வு என்று பழையவர்களுக்குக் கணக்கு உண்டு. அவசரப்பட்டு வருடா வருடம் கீறினால் மரம் உயிரோடுதான் இருக்கும், ஆனால் முளைக்கிற விதை குறைந்துவிடும். பிசினுக்கே சத்தெல்லாம் போகிறது. சொகோத்ராவில் வேறு சங்கடம். கிழட்டு மரங்கள் கம்பீரமாக நிற்கின்றன, கீழே கன்று இல்லை, முளைத்ததை ஆடு கடித்துவிடுகிறது. பார்க்கிறவர்களுக்குக் காடு பத்திரமாக இருப்பதுபோலவே தெரியும்.

அகிலும் இப்படித்தான். பூஞ்சைக் காளான் ஏறி நோய்ப்பட்ட மரத்தில்தான் அந்தக் கறுப்பு வைரம். சந்தனமோ பக்கத்துச் செடியின் வேரில் உறிஞ்சி வளருகிற மரம். சுகமாக, தனியாக, ஒழுங்காக இருக்கிற மரம் நமக்கு எதையும் தருவதாகத் தெரியவில்லை. (குங்குமப்பூ? அது மலடு. சொல்லிவிட்டேனே.)

அடுத்து அந்தத் துளி. ஜூன் 3 அன்று சேராது என்றேன், 17 அன்று சேரும் என்றேன், 18 அன்று இருக்கிறது என்றேன். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் மிஞ்சுவது இதுதான்: ஒரே துளியை இரண்டும் செய்ய முடியாது. தணலில் போட்டால் நிறம் போயிற்று. எண்ணெயில் குழைத்தால் தூபம் போயிற்று. மலையில் ஒரு வருடத்துக்கு இரண்டு படி பிசின் என்று வையுங்கள். கோயில்காரன் முழுவதையும் கேட்கிறான், எரித்துவிட்டால் நாளைக்கு மறுபடி வேண்டும். ஓவியனும் முழுவதையும் கேட்கிறான், ஒரு தடவை தீட்டிவிட்டால் தலைமுறைக்கு நிற்கும் என்கிறான். நிற்காது, வெளுக்கும், அது அவனுக்கும் தெரியும். கீறுகிறவளுக்கு எவன் முதலில் படி நெல் அளக்கிறானோ அவனிடம் போகும். உங்கள் அரசன், படை, நாகம் எல்லாம் இந்த இரண்டு படிக்குப் பின்னால் வந்தால் போதும்.

"கீறுகிறவள்" என்று என்னையறியாமல் எழுதியிருக்கிறேன். அம்மாச்சிதான் கண்ணில் நிற்கிறாள்.

ஜூலை 17

கிழங்குப் பிரச்சினைக்குத் தீர்வு: போத்து நடுங்கள். முருங்கை மாதிரி, கிளுவை மாதிரி. கிளையை ஒடித்து நட்டால் பிடிக்கும், உங்கள் மரத்துக்கு மட்டும் விதை கிடையாது. பறங்கிச் சாம்பிராணியும் கிளுவையும் ஒரே குடும்பம்தான், வாசகன் நம்புவான். மலைக்காரர்கள் பிசினை வெளியே விடுவார்கள், கிளையை விட மாட்டார்கள்.

ஆகஸ்ட் 6

திருத்திய அத்தியாயம் வந்து சேர்ந்தது. பெயரைச் செந்நாறி என்றே வைத்திருக்கிறீர்கள். மலைக்காரர்கள் மட்டும் அப்படிச் சொல்கிறார்கள், அரண்மனையில் அந்தப் பெயரைக் கேட்டு முகம் சுளிக்கிறார்கள் என்று மாற்றியது நன்றாக இருக்கிறது. பூசாரி கை நடுங்குகிற இடத்தில் நான் நிறுத்தித் தண்ணீர் குடித்தேன்.

என் பக்கத்துச் செய்தி. போன வாரம் தேனிக்குப் போயிருந்தேன். மாமா தோட்டத்து வேங்கையில் காற்றுக்கு ஒரு கிளை முறிந்து, முறிந்த இடத்தில் பால் வடிந்திருந்தது. கீற வேண்டிய வேலையில்லை. சிரட்டையில் கொஞ்சம் பிடித்துவந்து, அம்மாச்சி மாதிரியே இரும்புக் கரண்டியில் ஊற்றி வைத்தேன். மூன்று நாள் ஆனது. கறுத்தது. நேற்று என் பேத்திக்கு, எட்டு மாதம் ஆகிறது, கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தேன். ஈரம் காய்வதற்குள் அவள் அதை என் சட்டைத் தோளில் தேய்த்துவிட்டாள்.

வெள்ளைச் சட்டை, பருத்தி. இரண்டு தடவை சோப்புப் போட்டாயிற்று, ஒரு தடவை எலுமிச்சம்பழம். இருக்கிறது. மரத்துப் பிசின் துணியில் பிடிக்காது என்று ஜூன் 25 அன்று எழுதியிருந்தேன். வேங்கைப் பால் தண்ணீரில் கரைகிற வகை, கரண்டி இரும்பு அதற்குப் பிடிமானமும் கொடுத்துவிட்டது. ஆகவே அதையும் திருத்திக்கொள்ளுங்கள். அரசனுக்குப் பட்டு வேண்டுமென்றால் கொடுத்துவிடலாம், கறுப்பில்.